தங்கமாயன் வீட்டுச் சாப்பாடு

ஜனவரி 22, புதன்

கழுத்தில் வந்த கட்டி முதலில் ஒரு மலைப்பூண்டுப் பல் அளவுதான் இருந்தது. முழுப் பூண்டு அளவுக்கு வளரும்வரை விட்டுவைத்தது நான். இன்று மதுரையில் முதல் ஊசி. பேர்தான் ஊசி. நாள் முழுக்கப் படுக்கவைத்து பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள். அதில் ஒன்று ரோஸ்மில்க் நிறம். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. நெறிகட்டும் இடத்தில் வரும் புற்றில் இது மருந்துக்குக் கேட்கும் வகை என்கிறார் டாக்டரம்மா ஷர்மிளா.

திரும்பி வரும்போது காரிலேயே என் வீட்டுக்காரி பவுன்தாயியிடம் சொல்லிவிட்டேன். "யார் கேட்டாலும் அல்சர்."

"எத்தன நாளைக்கு அல்சருன்னு சொல்லுவீக?"

"ஆறு ஊசிக்கும்."

பூண்டுக் கமிஷன் மண்டிக்காரன் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்தால் மலையிலிருந்து மூட்டை இறங்காது. மன்னவனூர்க்காரனும் பூம்பாறைக்காரனும் நல்லவர்கள்தான். ஆனால் சரக்கை நம்பி இறக்கிவிட்டுப் போகிறவன், அடுத்த சந்தைக்கு வந்தால் ஆள் இருப்பானா என்றுதான் பார்ப்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

ஜனவரி 23, வியாழன்

சந்தைக்குப் போனேன். மதியம்வரை உட்கார முடிந்தது. எதிர்க்கடையிலிருந்து தங்கமாயன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தலையணையெல்லாம் முடி. கொட்டுவதற்கு முன்னால் நாமே எடுத்துவிடுவது நல்லது என்று மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு கடைக்குப் போனேன். பழனி வேண்டுதல் என்று சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

தங்கமாயன் மட்டும் வேலை மெனக்கெட்டு ரோட்டைத் தாண்டி வந்தான். ஒரு காலத்தில் என் கடையில் மூட்டை பிரித்தவன். பிறகு என்னோடு பங்குக்காரன். பிறகு எனக்கு நேர் எதிரே தனிக்கடை போட்டு, நான் வளர்த்த மலைக்காரர்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனவன். பார்த்தால் இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"புருவத்தையுமா அண்ணே முருகன் கேட்டாரு?" என்றான்.

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். இதற்கு ஒரு நாள் பதில் உண்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தொடை இடுக்கில் படை. வெயிலும் வேர்வையும் சேர்ந்து இடுப்புவரை ஏறிவிட்டது. வேட்டிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டு ஒருவன் ஏலம் விட முடியாது. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் கேட்டேன். கடைக்காரர் களிம்பு ஒன்றும் கேப்ஸ்யூல் ஒரு அட்டையும் எடுத்து வைத்தார்.

"வேற மாத்திர எதும் சாப்பிடுறீகளாண்ணே?"

"அல்சருக்கு ஏதோ போடுறேன்."

"அப்ப ரெண்டையும் ஒண்ணாப் போட்றாதீக. ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. இது ஒரு மாசமாவது சாப்பிடணும்."

விவரமான ஆள். நாலு நாளில் அரிப்பு அடங்கும் என்றார்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாவது ஊசி. அரிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. கட்டியும் பாதியாகச் சுருங்கிவிட்டதாக டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னார். பிறகு வழக்கமான கேள்வி.

"நான் குடுத்தது தவிர வேற மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாதும்மா."

சின்ன வயசுப் பெண்பிள்ளை. அவரிடம் போய்த் தொடையிடுக்குச் சமாசாரத்தை யார் பேசுவார்கள்? அது தோலுக்குப் போடுவது. இது ரத்தத்துக்கு ஏற்றுவது.

பிப்ரவரி 15, சனி

தங்கமாயன் பேரனுக்குக் காதுகுத்து. புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து அழைத்திருந்தார்கள். போகாவிட்டால் படுத்துவிட்டேன் என்று பேச்சாகும். போனேன்.

பந்தியில் என்னைத் தேடி வந்து அவனே பரிமாறினான். குடல் குழம்பு. "நீங்க மெலிஞ்சுட்டீகண்ணே, நல்லாச் சாப்பிடுங்க" என்று வாளியைச் சாய்த்தான். நாலு பேர் பார்க்கிறார்கள். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

பக்கத்தில் சின்னமனூர் ஜெகநாதன் உட்கார்ந்திருந்தார். என்னிடம் சரக்கு எடுப்பவர். அவர் தங்கச்சி மகனுக்குத் தங்கமாயனின் இளைய மகள் பிருந்தாவைப் பேசுகிறார்களாம். அவருக்கு முன்னால் இலை இல்லை. சம்பந்தம் பேசி முடிக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காதுகுத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு வேலை செய்யவில்லை. விளக்கெண்ணெய் குடித்தாயிற்று. பேதி மாத்திரை போட்டாயிற்று. அசையவில்லை. தாடை வலிக்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது. பூண்டை உருட்டினால் பல் தட்டுப்படவில்லை.

மதுரைக்குப் போன் போடலாம் என்கிறாள் பவுன்தாயி. மலச்சிக்கலுக்கெல்லாம் மதுரைக்கு ஓடினால் ஊர் என்ன நினைக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. சட்டையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு சந்தையில் உட்கார்ந்திருந்தேன். தங்கமாயன் வந்தான்.

"என்னண்ணே, அன்னைக்குச் சாப்பாடு செமிச்சுச்சா?"

கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும் எனக்கு. சரக்கு வாங்கும்போது மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே சொத்தை இருப்பதைச் சொல்லுகிறவன் நான்.

எடை போடும் மொக்கராசுவும் அதையே சொன்னான். "மொதலாளி, இது சீக்குக் கணக்கா இல்ல. கறியில வச்சுக் குடுத்துருக்காக. மருந்து வயித்துல ஒட்டிக்கிட்டா ஒண்ணும் எறங்காது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு அம்மா எடுக்குது. எங்க மாமனுக்கு எடுத்துச்சு."

நான் இந்த இடுமருந்துப் பேச்சையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் தங்கமாயனை நம்பலாமா என்பது வேறு கேள்வி. இப்போது எனக்கு ஏதாவது ஆனால் மீதி மலைக்காரர்களும் ரோட்டைத் தாண்டுவார்கள். லாபம் யாருக்கு என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். வியாபாரத்தில் நான் ஏமாறாமல் இருந்ததே அப்படித்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆண்டிபட்டி அம்மா ஒரு செம்பு கஷாயம் கொடுத்தது. வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சியது. வெற்றிலையில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டியது. மயிரும் சாம்பலும் சேர்ந்த மாதிரி இருந்தது.

"தெரிஞ்ச கைதான். கறியில குடுத்துருக்கு. சிரிச்சுக்கிட்டே போட்டுருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. வயிறு அப்படியேதான் இருந்தது. ஆனால் ஆள் தெரிந்துவிட்டது. கழுத்துக் கட்டியைப் பார்த்து ஏன்டா வந்தாய் என்று சட்டையைப் பிடிக்க முடியாது. தங்கமாயனைப் பிடிக்கலாம். பல நாளைக்குப் பிறகு வரும் வழியில் பசித்த மாதிரிகூட இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

அவன் கடையைத் தொடவில்லை. சரக்கு போனால் மறு வருஷம் வரும். ஜெகநாதன் கடைக்கு வந்தார். வரும் வாரம் தாம்பூலம் மாற்றப் போவதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு பூண்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அங்க கை நனைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிச்சுக்கங்க" என்றேன்.

"என்னண்ணே சொல்றீக?"

சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். "காதுகுத்துல நான் சாப்பிட்டத நீங்க பக்கத்துல இருந்து பாத்தீக. ஆண்டிபட்டியில எடுத்தாச்சு. வேற நான் ஒண்ணும் சொல்லல."

அவர் முகம் செத்துவிட்டது. அதிகம் பேசினால் பொறாமை என்பார்கள். இவ்வளவுதான் அளவு. சாப்பாட்டில் மருந்து வைக்கும் வீடு என்று பேர் வந்துவிட்டால், அந்த வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெண் எடுப்பது எங்கே. ஆயுசுக்கும் அவன் பந்தியில் இலை காலியாகக் கிடக்கட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

வாந்தி. பச்சையாக வருகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

மதுரையில் சேர்த்து மூன்று நாள் ஆகிறது என்கிறார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் வயிற்றுக்குள் போகிறது. அதன் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஒரு பையில் வடிகிறது. குடல் சுத்தமாக நின்றுபோயிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்திருந்தால் குடல் வெடித்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

இன்று காலை அவர் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "குடுத்த அளவுக்கு இப்படி ஆகவே கூடாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வேற என்ன சாப்பிட்டீங்க?"

"எதிரி வீட்டுல ஒரு நேரம் சாப்பிட்டேன்."

"அது இல்ல. மாத்திரை."

"இல்லம்மா."

பவுன்தாயி ஜன்னல் பக்கம் நின்று என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "படைக்கு ஒரு மாத்திர போடுறாரும்மா. அங்கன வந்துருக்கு. உங்ககிட்ட சொல்ல வெக்கம்."

அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா பேரைப் படித்தார். அட்டையில் எத்தனை காலி என்று எண்ணினார்.

"இது படைக்கு நல்ல மருந்துதான். ஆனா நான் ஏத்துற மருந்த உங்க கல்லீரல் கொஞ்சங் கொஞ்சமா கழிச்சு வெளிய அனுப்பணும். இந்த கேப்ஸ்யூல் அதச் செய்ய விடாது. அதுல ஒரு மருந்து கழியாம உடம்புலயே தங்கிருச்சு. குடல அசைக்கிற நரம்பு மரத்துப்போச்சு. விரல் மரத்தது, தாடை வலிச்சது, எல்லாம் அதுதான்."

"அப்ப அந்தக் கறி?"

"எந்தக் கறி?" என்றார் டாக்டரம்மா.

மார்ச் 2, ஞாயிறு

கேப்ஸ்யூலை நிறுத்தியதும் வயிற்றில் ஒரு சத்தம் கேட்டது. நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். என் வயிறு உறுமியதற்கு நாலு பேர் சந்தோஷப்பட்டார்கள்.

மெடிக்கல்காரரை உள்ளே தள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சீட்டு இல்லாமல் மருந்து கொடுத்ததற்கு அவர் கடைக்குப் பூட்டுப் போட வைக்க எனக்கு ஆள் இருக்கிறது. ஆனால் விசாரணை என்று வந்தால் அவர் ஒரே வார்த்தை சொல்வார். இந்த அண்ணன் என்னிடம் அல்சர் என்றல்லவா சொன்னார். ஆக அந்த வழி அடைபட்டது. யாரையாவது பிடிக்க வேண்டும்போல் கை ஊறுகிறது. கையில் ஊசி குத்திக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

சாயந்தரம் பவுன்தாயி சொன்னாள். சின்னமனூர்க்காரர்கள் தாம்பூலத்துக்கு வரவில்லையாம்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் புருவத்தைச் சொல்லி அவன் மண்டியைச் சிரிக்கவைத்ததும் நடந்ததுதானே. அது மறக்கக்கூடியதும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

தங்கமாயன் வந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் ஆரஞ்சாவது வாங்கி வருவான். கட்டிலுக்கு மேலே இருந்த பலகையை வாசித்தான்.

"அல்சருக்கு இந்த வார்டுதானாண்ணே?"

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"நான் வச்சேன்னு எதக் கண்டு சொன்னீக?"

"உருண்ட வந்துச்சு" என்றேன். மூக்கில் குழாய் இருந்ததால் குரல் என் குரலாக இல்லை.

பவுன்தாயி குறுக்கே வந்தாள். "தம்பி, உருண்டையுமில்ல ஒண்ணுமில்ல. படைக்கு வாங்குன மாத்திர ஊசி மருந்தோட சேராமப் போச்சு. டாக்டரு சொல்லிட்டாக."

"எதுக்கு வாங்குன மாத்திர?"

"படைக்கு. தொட இடுக்குல."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அந்தத் தண்ணீரைத் துடைத்த பிறகும் அது வந்துகொண்டிருந்தது.

"உங்க சாவ நான் நெனச்சதில்லன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "மொட்டையப் பாத்த அன்னைக்கே விளங்கிருச்சு. உங்க எடத்துல யார உக்கார வைக்கலாம்னு கணக்குக்கூடப் போட்டேன். ஆனா எலையில வைக்கலண்ணே. அது எங்க குடும்பத்துல இல்ல. எம் மக வாசலுக்கு வர மாட்டேங்குது. எதிர்த்த வீட்டுக்காரி கொழம்புக்கிண்ணத்தத் தொடாம அப்படியே திருப்பிக் குடுத்துட்டா."

"ஜெகநாதன்கிட்ட போன்ல சொல்லிர்றேன்."

"சொல்லிப் பாருங்க" என்று எழுந்தான். வாசலில் நின்று திரும்பினான். "திங்கக்கெழம அவுகள வரச் சொல்லிக் கால்ல விழுந்துருக்கேன். கடைசியா ஒரு பேச்சுக்கு வாராக. நீங்க வந்து எங்க வீட்டுல சாப்பிடணும். அவுக பாக்கச் சாப்பிடணும். உங்க வயிறு தாங்குமா தாங்காதான்னு எனக்குக் கவலையில்ல."

மார்ச் 5, புதன்

இன்று போட வேண்டிய மூன்றாவது ஊசியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஜெகநாதனுக்குப் போன் போட்டேன். நான் சொன்னது தப்பு, என் மாத்திரைதான் காரணம் என்றேன். என்ன மாத்திரை என்றார். சொன்னேன். எதற்கு ஊசி என்றார். அதையும் சொன்னேன். ஒரே போனில் சந்தை முழுக்கச் சொன்ன மாதிரிதான். மலைக்காரர்களுக்கு நாளைக்கே போய்விடும்.

அவர் அசையவில்லை.

"அண்ணே, படுத்த படுக்கையில மனசு எளகிச் சொல்றீக. அவரு வந்து அழுதுருப்பாரு. ஆனா நீங்க வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா அது தப்பா இருக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். இத்தன வருசமா உங்க வார்த்தையிலதான சரக்கு எடுக்குறேன்."

இந்தப் பேரைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்று அதை உடைக்க முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு குறைவு. வயிறும் இப்போதுதான் எழுந்திருக்கிறது. கஞ்சி, குழைந்த சோறு, கொஞ்சம் கொஞ்சமாக. வெளியே எங்கும் சாப்பிடக் கூடாது என்றார் டாக்டரம்மா.

"திங்கக்கெழம ஒரு வீட்டுல சாப்பிட்டே ஆகணும்."

"யார் வீடு?"

"அன்னைக்குச் சொன்னேன்ல. எதிரி வீடு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயே ஆகணுமா?"

"ஒரு பொண்ணு கல்யாணம்."

"கண்ணு முன்னாடி வேகவச்சுச் சூடா எறக்குனது. பருப்பும் சோறும் மட்டும். ரெண்டு கரண்டி. வயிறு லேசா உப்புனாலும் அன்னிக்கே இங்க வந்துரணும்."

பிறகு மறுபடியும் கேட்டார். "வேற மாத்திரை ஏதாவது?"

படை திரும்ப அரிப்பதைச் சொன்னேன். களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 10, திங்கள்

தங்கமாயன் வீட்டுக் கூடத்தில் ஜெகநாதனும் இன்னும் ஐந்தாறு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்த தண்ணீர்ச் செம்பு நடுவில் அப்படியே இருந்தது. எனக்கு மட்டும் கீழே பாய் விரித்து இலை போட்டார்கள். தங்கமாயன் என்னை வா என்று சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி அடுப்பில் குக்கரைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பரிமாற வந்தது பிருந்தா. பங்கில் இருந்த காலத்தில் என் கடை மூட்டைமேல் ஏறி விளையாடிய பிள்ளை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குனிந்து சோற்றைப் போட்டது. இரண்டு கரண்டி ஆனதும் கையைக் காட்டினேன். அது நிறுத்தவில்லை. மூன்று, நாலு. மேலே பருப்பை ஊற்றியது. என் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுவது அந்த ஒரே இலையில் இருந்தது.

"போதும்மா."

"சாப்பிடுங்க பெரியப்பா" என்றது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எங்க வீட்டுல வேற என்னத்தப் போட்டுருவோம்?"

கண் என் கண்ணிலேயே இருந்தது. நான் தங்கமாயன் மேலே வைத்திருந்த வன்மமெல்லாம் இந்தக் கண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லை. மிச்சம் வைத்தால் நாற்காலியில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாப்பிட்டேன். பாதியில் வயிறு கல்லாக இறுகியது. வேர்த்துக் கொட்டியது. பவுன்தாயி கதவு ஓரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெகநாதன் என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தார். நிறுத்தினால் முடிந்தது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. வழித்து எடுத்து, இலையை என் பக்கமாக மடித்தேன். எழ முடியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அவர்களும் எழவில்லை. எனக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் காய்கறி வண்டி கூவிக்கொண்டு வந்து, விற்று, அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கடைசியில் என் வயிற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. அதைக் கேட்டுப் பவுன்தாயி வாய்விட்டு அழுதாள்.

ஜெகநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பசிக்குது" என்றார். "எங்களுக்கும் எலையப் போடுங்க."

பிருந்தா உள்ளே ஓடியது. கொல்லையில் தங்கமாயன் என் கையில் தண்ணீர் ஊற்றினான். பாதி என் வேட்டியில் கொட்டியது.

"மன்னவனூர்க்காரக ரெண்டு பேரு நேத்து எங்கிட்டப் பேசுனாக" என்றான். "உங்களுக்கு முடியலன்னு கேள்விப்பட்டாகளாம். வியாழக்கெழமையில இருந்து சரக்கு எங்கடைக்குத்தான். மக கல்யாணத்துக்காக விட்டுக் குடுப்பேன்னு நெனைச்சுராதீக."

"உன்ன யாரு விட்டுக் குடுக்கச் சொன்னா?"

வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறேன். வயிறு வலிக்கிறது, ஆனால் உப்பவில்லை. நாளை மறுநாள் புதன்கிழமை மூன்றாவது ஊசி. மறுநாள் வியாழன் சந்தை; ஊசி போட்ட உடம்போடு ஏலத்தில் குரல் எழும்பாது. வெள்ளிக்கிழமைக்குத் தள்ள முடியுமா என்று காலையில் முதல் வேலையாக டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.